பத்துப் பாக ஆழம்

நாலு மணிக்கு வருவோம் என்று மனைவி பிலோமி காலையிலேயே சொல்லிவிட்டாள். இப்போது மூன்றே கால். முக்கால் மணி நேரத்தில் என்னவும் நடக்கலாம், பஸ் வராமல் போகலாம், நர்சிங் கல்லூரியில் வளர்ப்பு மகள் ஜெசிந்தாவை யாராவது நிறுத்திவைத்துக்கொள்ளலாம், பிலோமிக்கே தலைவலி வந்து படுத்துவிடலாம் என்று இன்னாசி ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். நினைக்க நினைக்க ஒன்றும் நடக்காது, அவர்கள் வந்துவிடுவார்கள் என்றுதான் தோன்றியது. கடற்கரைச் சாலையில் முன்பு பஞ்சுக் கிடங்காக இருந்த கட்டடம் அது. வெள்ளையடித்து, மின்விசிறி மாட்டி, ஒரு மாதமாக அதில் கண்காட்சி நடக்கிறது. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் இருந்த ஒருவர் காகிதத்தில் வரைந்துவைத்த பறக்கும் இயந்திரங்களையும் கடலுக்குள் இறங்கும் கருவிகளையும் மரத்திலும் தோலிலும் செய்து வைத்திருந்தார்கள். நாளைக் காலை எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்து மதுரைக்கு ஏற்றிவிடுவார்கள். இன்னாசிக்கு இங்கே காவல் வேலை. யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வலது காலை இழுத்து நடக்கிறவனுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை. இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால் எல்லாம் போயிருக்கும், அதற்குள் பிலோமிக்குப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஒரு மாசமா அதுங்க பக்கத்துலயே உக்காந்திருக்கீய, நான் ஒரு தடவ பாக்கக் கூடாதா என்று கேட்டாள். வெறும் மரக்கட்டை, அதுல பாக்க என்ன இருக்கு என்றான். கடலுக்குள்ள போற சட்டை இருக்குன்னு ஜெசி சொன்னாளே என்றாள். மாட்டிக்கொண்டால் காலைத் தடவிக்கொள்வது அவன் வழக்கம், தடவிக்கொண்டான். வலிக்குதா என்று உடனே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

தலைக்கு மேலே சிறகு தொங்கியது. வௌவாலுடையதைப் போல எலும்பு எலும்பாக விரிந்த பெரிய சிறகு, பைன் மரச் சட்டம், மேலே துணி. மின்விசிறிக் காற்றில் அது லேசாக ஆடும், ஆடும்போதெல்லாம் தரையில் நிழல் ஒரு முழம் நகர்ந்து திரும்பும். முதல் வாரம் அந்த நிழல் தன் காலைத் தொடாதபடி முக்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டான், பிறகு பழகிவிட்டது. சிறகுக்குக் கீழே இருந்த பலகையை எழுத்துக் கூட்டி எத்தனையோ தடவை வாசித்திருக்கிறான். இதைக் கட்டிக்கொண்டு பறந்து பார்க்கிறவன் ஏரிக்கு மேலே பறந்து பார்க்க வேண்டுமாம், விழுந்தாலும் தண்ணீரில் விழுவான். இடுப்பைச் சுற்றிக் காற்றடைத்த தோல்பை ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டுமாம், முங்கிப் போகாமல் இருக்க. எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று இன்னாசிக்கு ஆச்சரியமாக இருந்தது. பறப்பதற்கு முன்னாலேயே விழுவதை யோசித்துவைத்திருக்கிறான். எவனோ ஒருத்தன், பேர் தெரியாதவன், அவன் விழுந்தால் என்ன ஆகும் என்று கவலைப்பட்டிருக்கிறான். சங்கு குளிக்கிற நாங்கள் இடுப்பில் காற்றா கட்டினோம், ஈயம் கட்டினோம். ஆறு கட்டி, ஏழு கட்டி, கயிற்றில் கோத்து. பிலோமியின் தம்பி கஸ்பார் எட்டுக் கட்டுவான். நெஞ்சு அகலமான ஆள், தண்ணீர் அவனை மேலே மேலே தூக்கும், எட்டு இல்லாமல் சங்கு கிடக்கும் தரையில் கால் ஊன்றாது. முடிச்சைச் சுருக்காகப் போடு, இழுத்தால் அவிழ வேண்டும் என்று அவனிடம் சொல்லியிருந்தேனா? சொல்லியிருந்தேன். என் கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லியிருந்தேன். அவன்தான் கேட்கவில்லை, முடிச்சு அவிழ்ந்து போன தடவை ஈயம் கடலோடு போய்விட்டது என்று இரட்டை முடிச்சாகப் போட்டான், அது அவன் தப்பு. இந்த இடத்துக்கு வந்ததும் மனசு கொஞ்சம் லேசாகும். பதினொரு வருஷமாக இந்த இடத்துக்கு வந்து வந்து நின்றிருக்கிறான். இரட்டை முடிச்சு. அவன் தப்பு. ஆனால் நின்றால் நிற்க விடாது. முடிச்சை அறுக்கக் கத்தி இருந்ததே, உன் தொடையில் வார்போட்டுக் கட்டியிருந்ததே என்று அடுத்த அலை வந்துவிடும்.

எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் தோல்சட்டை நின்றது. தலையை முழுசாக மூடும் தோல்முகமூடி, கண் இருக்கும் இடத்தில் இரண்டு வட்டக் கண்ணாடி, வாய்ப்பக்கத்திலிருந்து இரண்டு பிரம்புக் குழாய் மேலே போய்த் தண்ணீரில் மிதக்கிற தக்கைத் தட்டில் முடியும். உள்ளே ஆள் இல்லை, வைக்கோல்தான் அடைத்திருக்கிறார்கள், அது இன்னாசிக்குத் தெரியும், முதல் நாள் பெட்டியிலிருந்து எடுத்து நிறுத்தும்போது அவனும்தான் கை கொடுத்தான். இருந்தும் மத்தியானம் கூடத்தில் யாரும் இல்லாத நேரத்தில் அந்த இரண்டு வட்டக் கண்ணாடியும் தன்னையே பார்ப்பது போல இருக்கும். தண்ணீருக்கு அடியில் மனுஷன் முகத்தில் கண்தான் தெரியும். மூக்கு தெரியாது, வாய் தெரியாது, சிரிக்கிறானா அழுகிறானா தெரியாது. கண் மட்டும் பெரிசாகத் தெரியும், கண்ணாடி எல்லாவற்றையும் பெரிசாக்கிக் காட்டும். தோல்சட்டைக்கு அருகே இருந்த பலகையில்தான் அந்த வரி இருந்தது. தண்ணீருக்கடியில் வெகுநேரம் தங்கியிருக்க வேறொரு வழியும் தமக்குத் தெரியும், அதை வெளியே சொல்ல மாட்டேன் என்று அந்த இத்தாலிக்காரர் எழுதிவைத்தாராம். மனிதர்கள் பொல்லாதவர்கள், தெரிந்தால் கடலுக்கடியில் போய்க் கொலை செய்வார்கள் என்று பயந்தாராம். கப்பலின் அடியை உடைத்து ஆட்களோடு மூழ்கடிப்பார்கள் என்பதுதான் அவருடைய பயம். இன்னாசிக்குக் கப்பல் ஞாபகம் வரவில்லை. காலையில் விளக்கம் சொல்கிற பெண் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அந்த வரியைக் கடகடவென்று ஒப்பிப்பாள், பிள்ளைகள் ஓ என்பார்கள், இவன் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். கடலுக்கடியில் கொலை. கடலுக்கடியில். இத்தனைக்கும் அந்த மனுஷன் கடலில் இறங்கியதே இல்லையோ என்னவோ. அறைக்குள் உட்கார்ந்து, மேசையில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு, எவன் எவனை அங்கே என்ன செய்வான் என்று எப்படித் தெரிந்தது அவருக்கு? கீழே சாட்சி கிடையாது என்பது தெரிந்திருக்கும். சத்தம் கிடையாது. ஒருத்தன் கத்தினால் குமிழிதான் வரும், மேலே வள்ளத்தில் இருக்கிறவன் அந்தக் குமிழியைப் பார்த்து, சரி, ஆள் மூச்சு விடுகிறான் என்று பீடி பற்றவைப்பான்.

ஊருக்கு ஒரு கதை சொல்லியிருந்தான். ஊர் அதை நம்பியது, அதைவிடப் பெரிசாக்கி அவனுக்கே திருப்பிச் சொன்னது. கம்ப்ரசர் வைத்துச் சங்கு எடுக்கப் போனார்கள், மச்சானும் மச்சினனும், வள்ளத்திலிருந்து மூச்சுக்காற்று வர ஆளுக்கொரு ஓஸ் குழாய். பத்துப் பாக ஆழத்தில், அறுபது அடிக்குக் கீழே, கஸ்பாரின் ஓஸ் பாறை விளிம்பில் உரசி அறுந்துபோனது. இன்னாசி திரும்பிப் பார்த்தபோது ஆளைக் காணோம். கலங்கல் தண்ணீர். தேடினான், தேடிக்கொண்டே இருந்தான், பிறகு மேலே போய் ஆள் கூட்டி வரலாம் என்று ஒரே மூச்சில் ஏறினான், அந்த வேகத்தில்தான் கால் போனது. மச்சினனுக்காகக் காலைக் கொடுத்தவன். சாமியார் கோவிலில் பிரசங்கத்திலேயே சொன்னார். மனைவியோடு பிறந்தவன் ஒருத்தன், அவனுக்காக இப்படிச் செய்ய யாருக்கு மனசு வரும் என்று பெண்கள் பிலோமியிடம் சொன்னார்கள். பிலோமி அன்றிலிருந்து ராத்திரிக்கு ராத்திரி நல்லெண்ணெயைச் சூடாக்கி அந்தக் காலை நீவிவிட்டாள், பதினொரு வருஷம், காய்ச்சல் வந்த நாள்கூட விட்டது கிடையாது. தம்பியின் காலை நீவுவது போல நீவுவாள். சில நாள் நீவும்போது அவள் உதடு அசையும், ஜெபம் சொல்கிறாளா தம்பியிடம் பேசுகிறாளா தெரியாது, இன்னாசி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கஸ்பாரின் மனைவி பிரசவத்திலேயே போய்ச் சேர்ந்திருந்தாள். எட்டு வயசுப் பிள்ளை ஜெசிந்தாவை இவர்கள்தான் எடுத்து வளர்த்தார்கள். மாமா மாமா என்று முதுகில் ஏறும். அப்பாவோட கண்ணு என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள், சொல்லாமல் இருந்தால் என்ன இவர்களுக்கு. இப்போது பத்தொன்பது வயசு, நர்சிங் படிக்கிறாள். படிக்கட்டும், நல்லதுதான், ஆனால் படிப்பு அவளுக்கு எதையெல்லாம் சொல்லிக்கொடுக்கும் என்று அவன் நினைத்துப் பார்க்கவில்லை. போன மாதம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். ஆழத்துல இருந்து வேகமா வந்தா ரத்தத்துல காத்துக் குமிழி உண்டாகி நரம்பு செத்துப்போகுமாம் மாமா, அதுதான் உங்களுக்கு வந்தது. ஆமாம்மா என்றான். மெதுவா வந்தா ஒண்ணும் ஆகாதாம். ஆமா. அப்போ உங்க ஓஸ்ல காத்து இருந்துச்சுல்ல, நின்னு நிதானமா வந்திருக்கலாமே மாமா, ஏன் அவ்வளவு வேகமா வந்தீய? கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல், பயந்திருப்பீய பாவம் என்று அவளே சொல்லிப் பக்கத்தைப் புரட்டினாள். பயந்திருப்பீய பாவம். அந்தச் சொல் அன்றிலிருந்து தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது.

மூன்றரை. வெளியே ஏதோ ஆட்டோ நின்றது, இறங்கினவர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். பயந்தேன்தான். அது பொய் இல்லையே. யார்தான் பயப்பட மாட்டார்கள். அவன் பக்கவாட்டிலிருந்து வந்தான். தோளைத் தொட்டான். திரும்பினால் அவன் வாயில் குழாய் இல்லை, அறுந்த முனை பின்னாலே பாம்பு மாதிரி துள்ளிக்கொண்டிருந்தது, அவன் உள்ளங்கையை விரித்து நீட்டினான், தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறவன் நீட்டுவது போல. உடனே குடுத்தேனே. என் வாயிலிருந்து எடுத்துக் குடுத்தேன், கொஞ்சமும் யோசிக்கவில்லை, கடவுளே, அதை மட்டும் எங்கேயாவது எழுதிவைத்திருந்தால் நல்லது. அவன் இழுத்தான். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றில் திருப்பித் தர வேண்டும். நாலு இழுத்தான். ஐந்து. என் நெஞ்சுக்குள் எதுவோ இறுக ஆரம்பித்தது, இவன் தர மாட்டான் என்று தோன்றியது, தோன்றிய அந்த நொடியில் அவன் கஸ்பார் இல்லை, பிலோமியின் தம்பி இல்லை, கல்யாணத்துக்கு மாலை எடுத்துக்கொடுத்தவன் இல்லை, என் குழாயை வாயில் வைத்திருக்கிற யாரோ ஒருத்தன். பிடுங்கினேன். பிடுங்கித்தான் எடுத்தேன், அவன் தருவதற்காகக் கையை எடுத்துக்கொண்டிருந்தானோ என்னவோ, அதை மட்டும் எத்தனை தடவை நினைத்தாலும் சரியாகப் பிடிபடவில்லை, அவன் கை குழாயைப் பிடித்திருந்ததா, நீட்டியதா. நீட்டியது என்றால் நான் யார்? பிடித்திருந்தது என்றே வைத்துக்கொள்வோம். பதினொரு வருஷமாக அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறான். பிறகு மறுபடி உள்ளங்கை. இரண்டாம் தடவை. நான் தலையை ஆட்டினேன். மேலே போ என்று கையைக் காட்டினேன், இடுப்பில் எட்டு ஈயம் இரட்டை முடிச்சோடு இருக்கிறவனிடம் மேலே போ என்று. மூன்றாம் தடவை கை நீட்டவில்லை, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான். கண்ணாடிக்குள் கண் பெரிசாக இருந்தது. அப்போதுதான் கால் எழுந்தது, இந்த வலது கால், இதே கால், அவன் நெஞ்சில் ஊன்றி உந்தினேன். மேலே வரும்போது கீழே பார்க்கவில்லை. ஓஸில் காற்று வந்துகொண்டே இருந்தது. வாய் நிறைய, நெஞ்சு நிறைய, தேவைக்கு மேலேயே வந்தது.

எழுந்து நின்றான். இந்தப் பலகையை மட்டும் கழற்றிவிட்டால் என்ன என்று தோன்றியது. நாளைக்குக் கழற்றத்தானே போகிறார்கள். அந்த ஒரு வரியைப் பிலோமி வாசிக்காமல் இருந்தால் போதும், மற்றதெல்லாம் மரக்கட்டை. பாக்கெட்டிலிருந்த சாவியின் முனையைத் திருகாணியில் வைத்துத் திருகினான். ஒன்று கழன்றது, இரண்டாவது அசையவில்லை, சாவி நழுவிப் பலகையின் வார்னிஷில் நீளமாகக் கீறிவிட்டது. நெற்றியெல்லாம் வேர்த்தது. யாருக்காக இதைச் செய்கிறேன்? அவளுக்கு என்ன தெரியப்போகிறது, எங்கேயோ எவனோ எழுதினது, அவள் வாசித்துவிட்டு அப்படியா என்று அடுத்ததற்குப் போய்விடுவாள். பலகை இல்லாவிட்டாலும் அந்தச் சட்டை நிற்குமே. சட்டையைப் பெட்டிக்குள் போட்டாலும் ஜெசிந்தா வீட்டில் இருக்கிறாளே, அடுத்த வருஷம் இன்னொரு புத்தகம் வாசிப்பாளே. நினைக்கும்போதே மேலும் ஒரு நினைப்பு, அதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது: யாராவது கேட்க வேண்டும் என்றுதான் இந்த வேலைக்கே வந்தேனோ. காவலுக்கு வேறே இடம் கேட்டிருந்தால் குடுத்திருப்பார்களே. தோல்சட்டைக்கு எதிரே நாலு வாரம் முக்காலி போட்டு உட்காரச் சொன்னது யார்?

அவர்கள் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். வாசலில் ஜெசிந்தாவின் சிரிப்பு கேட்டது, பிறகு பிலோமியின் செருப்புச் சத்தம். பிலோமி கோவிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தாள். சிறகைப் பார்த்து, இவ்வளவு பெரிசா என்று நின்றுவிட்டாள். ஜெசிந்தா நேராகக் கண்ணாடிப் பெட்டிக்கு வந்து மேலும் கீழும் பார்த்தாள்.

"ரெண்டு குழாய் இருக்கே மாமா, ரெண்டு பேருக்கா?"

இல்லை, ஒன்று மூச்சை உள்ளே இழுக்க, மற்றது வெளியே விட என்று சொன்னான். இதைத் தினமும் பத்துப் பேருக்குச் சொல்லிப் பழகியிருந்தது.

"அப்போ ஒரு ஆளுக்குத்தான். கூட ஒருத்தர் மாட்டிக்கிட்டா என்ன செய்வாங்க?"

"மாத்தி மாத்திக் குடுக்கலாம்" என்றான் இன்னாசி. குரல் அவனுடையது போலவே இல்லை, யாரோ பக்கத்தில் நின்று பேசுவது போலிருந்தது. "மூணு மூச்சு அவன், மூணு மூச்சு இவன். அவசரப்படாம வந்தா ரெண்டு பேரும் மேல வந்துரலாம்."

ஜெசிந்தா தலையை ஆட்டிவிட்டுச் சிறகின் பக்கம் போய்விட்டாள். அங்கே நின்று போனில் படம் எடுக்கத் தொடங்கினாள். பிலோமி போகவில்லை. கீறல் விழுந்த பலகையை அவள் வாசிக்கவும் இல்லை. மூணு மூச்சு இவன் என்று சொன்ன அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு வேர்த்திருந்தது, கையில் சாவி இருந்தது. கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அவள் அவனை அப்படிப் பார்த்தது கிடையாது. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. வெளியே காத்தாட நில்லும்மா, அத்தை இப்ப வாரேன் என்று ஜெசிந்தாவை அனுப்பிவைத்தாள். பிறகு மெல்ல, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் கேட்டாள்.

"எத்தனை தடவ கேட்டான்?"

எது என்று அவன் திருப்பிக் கேட்டிருக்கலாம். யார் என்று கேட்டிருக்கலாம். பதினொரு வருஷமாக மனசுக்குள் அடுக்கிவைத்திருந்த இரட்டை முடிச்சு, கலங்கல் தண்ணீர், பிடித்திருந்த கை எல்லாம் அந்த நேரத்தில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"மூணு தடவ. ஒரு தடவ குடுத்தேன்."

பிலோமி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மற்ற இரண்டு தடவை என்ன செய்தான் என்று கேட்டாள், சொன்னான். உன் ஓஸில் காற்று இருந்ததா என்று கேட்டாள். நீங்க வாங்க என்று கூப்பிடுகிறவள் உன் என்றாள், சொன்னது அவளுக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை. இருந்துச்சு என்றான். அவள் அழவில்லை. எண்ணெய் நீவி நீவி உரமேறிப்போன தன் உள்ளங்கை இரண்டையும் விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு சேலையில் அழுத்தித் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பிள்ளகிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "நீங்கதான் சொல்லணும். இப்பவே சொல்லணும். இந்த மூஞ்சியோட இன்னைக்கு அவ கையால சோறு வாங்கித் திங்கக் கூடாது."

வாசல்வரை நேராக நடந்து போனாள். வெளியே வெயிலில் ஜெசிந்தாவிடம் ஏதோ சொல்வது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. பிறகு பிலோமி திரும்பிப் பார்க்காமல் சாலையைக் கடந்தாள். ஓடிவிடலாமா என்று இன்னாசிக்கு ஒரு நொடி தோன்றியது, எங்கே, இந்தக் காலோடு. நெஞ்சுவலி என்று தரையில் சாய்ந்துவிடலாம், நர்ஸ் பிள்ளை, நாடி பார்ப்பாள், தண்ணீர் தெளிப்பாள், இன்றைக்குத் தப்பிக்கலாம், நாளைக்கு, நாளை மறுநாள். அவள் உள்ளே வந்துகொண்டிருந்தாள். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டே வந்தாள். முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது.

"அத்தை ஏன் மாமா தனியாப் போறாவ? உங்ககிட்ட கேக்கச் சொன்னாவ. என்ன கேக்கணும்?"

அவன் முக்காலியை அவள் பக்கம் தள்ளினான். உட்காரும்மா என்றான். அவள் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தாள், அந்தக் கண்ணால். அவன் நின்றுகொண்டே இருந்தான். இரண்டு தடவை வாயைத் திறந்தும் ஒன்றும் வரவில்லை. மூன்றாவது தடவை வந்தது.

"உங்க அப்பா காணாமப் போகலம்மா. என்கிட்டதான் வந்தான்."